பள்ளித் தகவல் தொடர்பு விருதுக்கு ஒருவரைப் பரிந்துரைக்கிறேன்: படிவத்தில் எதை எழுதுவது?

முன்மேசை (டெக்சஸ்)

வணக்கம். ஓர் உதவி வேண்டும். கொஞ்சம் நீளமாகத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

டாலஸுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய பள்ளி டிஸ்ட்ரிக்ட். அதில் ஓர் ஆரம்பப் பள்ளியின் ஃப்ரண்ட் ஆபீஸில் 9 வருடமாக வேலை பார்க்கிறேன். டிஸ்ட்ரிக்ட் முழுவதற்கும் தகவல் தொடர்பு அலுவலர் ஒரே ஒருவர். இணையதளம், பெற்றோருக்குப் போகும் குறுஞ்செய்தி, டிவிக்காரர்களின் கேள்விகள், பட்டமளிப்பு விழா, பாண்ட் தேர்தல் (கட்டடம் போன்றவற்றுக்குப் பள்ளி கடன் வாங்கலாமா என்று மக்கள் ஓட்டுப் போடுவது) விளக்கம் எல்லாம் அவர் தலையில்தான். எங்கள் வட்டாரத்தில் பள்ளித் தகவல் தொடர்பில் சிறப்பாக வேலை செய்பவருக்கு ஆண்டுதோறும் ஒரு விருது கொடுக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் பரிந்துரைக்கலாம். இந்த வருடம் நான் அவரைப் பரிந்துரைக்கப் போகிறேன். அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

படிவத்தைத் திறந்ததும் கை நின்றுவிட்டது. ஆய்வு, திட்டம், செயலாக்கம், மதிப்பீடு என்று நான்கு தலைப்புகள். எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் பகிர்ந்தார்கள் என்று எண்களாகக் கேட்கிறார்கள். அவரைப் பற்றி நினைத்தால் என் மனதுக்கு வருவது மூன்று நாட்கள்.

முதலாவது, 2021 பிப்ரவரி பனிப்புயல். டெக்சஸில் இருந்தவர்களுக்கு விளக்க வேண்டாம். லட்சக்கணக்கான வீடுகளில் மின்சாரம் இல்லை. காரில் உட்கார்ந்து போனுக்குச் சார்ஜ் போட்டுக்கொண்டிருந்தோம். அந்த நேரத்தில் வேறு சில இடங்களிலிருந்து இணைப்பும் லோகோவும் வைத்த நீண்ட கடிதங்கள் வந்தன. திறக்கவே முடியவில்லை. எங்கள் அலுவலர் அனுப்பியது மூன்று வரி. நாளை பள்ளி இல்லை. சாப்பாடும் தண்ணீரும் காலை 10 மணிக்கு உயர்நிலைப் பள்ளி வாசலில். இதற்குப் பதில் அனுப்ப வேண்டாம், சார்ஜை மிச்சப்படுத்துங்கள். அவ்வளவுதான். அப்புறம் தன் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருந்த இரண்டு அபார்ட்மெண்டுகளின் லாண்டரி அறைக் கதவில் அதையே கையால் எழுதி, ஸ்பானிஷிலும் எழுதி ஒட்டிவிட்டு வந்திருக்கிறார். இது எனக்கு அங்கே குடியிருக்கும் ஒரு அம்மா சொல்லித்தான் தெரியும்.

இரண்டாவது, ஓர் அக்டோபர் பிற்பகல். பக்கத்துத் தெருவில் போலீஸ் யாரையோ தேடியது. பள்ளி ‘செக்யூர்’ நிலைக்குப் போனது. அதாவது வெளிக்கதவுகள் பூட்டப்படும், உள்ளே பாடம் வழக்கம்போல நடக்கும். பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்தவர்கள் வெளியே நின்றார்கள். அவர்களில் ஏழெட்டுப் பேர் ஊரிலிருந்து ஆறு மாதத்துக்கு வந்திருந்த தாத்தா பாட்டிகள். தமிழும் தெலுங்கும்தான் பேசுவார்கள். செய்தி மகனுக்கோ மருமகளுக்கோ போயிருக்கும், அவர்கள் ஏதாவது மீட்டிங்கில் இருப்பார்கள். வாசலில் நிற்கும் பாட்டிக்குத் தெரிந்ததெல்லாம் கதவு பூட்டியிருக்கிறது, போலீஸ் கார் நிற்கிறது, பேத்தி உள்ளே இருக்கிறாள் என்பதுதான்.

என் மேசை இழுப்பறையில் ஒரு தாள் இருந்தது. அதற்கு முந்தைய வருடமே அலுவலர் என்னோடும் இன்னொரு பள்ளியில் வேலை பார்க்கும் தெலுங்குப் பெண்ணோடும் உட்கார்ந்து தயாரித்தது. ஆறு மொழிகளில், மொழிக்கு நான்கு வரி: ‘பிள்ளைகள் உள்ளே பத்திரமாக இருக்கிறார்கள். பிரச்சினை பள்ளிக்கு வெளியே. எதிரே உள்ள சர்ச் கூடம் உங்களுக்காகத் திறந்திருக்கும், அங்கே போய் உட்காருங்கள். கதவு திறந்ததும் நாங்களே வந்து கூப்பிடுவோம்.’ அதைக் கண்ணாடிக் கதவில் உள்ளிருந்து ஒட்டினேன். ஒரு பாட்டி உதடு அசைய இரண்டு தடவை படித்தார். அப்புறம் பக்கத்தில் நின்ற தெலுங்குக்காரத் தாத்தாவையும் கையசைத்துக் கூப்பிட்டுக்கொண்டு சர்ச் பக்கம் நடந்தார்.

மூன்றாவது,

[இந்தப் பத்தி எழுதியவரின் வேண்டுகோளின்படி நீக்கப்பட்டது. இழையில் இதை மேற்கோள் காட்டிய இடங்களும் நீக்கப்பட்டுள்ளன. – நெறியாளர்]

இவற்றில் எதற்கும் என்னிடம் எண் இல்லை. எப்படி எழுதுவது? இந்தத் துறையில் இருப்பவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

புதுவரவு22 (வட கரோலினா)

அக்கா, தெரியாமல்தான் கேட்கிறேன், இது தனி வேலையா? நாங்கள் இங்கே வந்து எட்டு மாதம் ஆகிறது. பையனின் பள்ளியிலிருந்து வாரத்துக்கு ஐந்தாறு செய்தி வரும். டீச்சரோ பிரின்சிபலோ அனுப்புகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அறிக்கைப்பலகை (மினசோட்டா)

தனி வேலைதான், பழைய வேலையும்கூட. இதற்கான தேசியச் சங்கம், என்.எஸ்.பி.ஆர்.ஏ., 1935இல் தொடங்கியது. நாட்டில் சுமார் 13,000 பள்ளி டிஸ்ட்ரிக்டுகள் இருக்கின்றன. பெரியவற்றில் வீடியோவுக்கு, மொழிபெயர்ப்புக்கு, ஊடகங்களுக்கு என்று தனித்தனி ஆட்கள் உண்டு. சிறியவற்றில் ஒருவர். இன்னும் சிறியவற்றில் சூப்பரிண்டெண்டெண்டின் (டிஸ்ட்ரிக்டின் தலைமை அதிகாரி) செயலாளர் பார்க்கும் பத்து வேலைகளில் இதுவும் ஒன்று. நான் இந்த வேலையில் 14 வருடமாக இருக்கிறேன். எங்கள் மாநிலத்தில் இரண்டு முறை விருது நடுவராகவும் உட்கார்ந்திருக்கிறேன்.

விருதுகளில் பல வகை. தேசியச் சங்கம் ஒருவருடைய மொத்தப் பணிக்காகக் கொடுப்பது பிரெசிடெண்ட்ஸ் அவார்டு. கோல்டு மெடாலியன் ஒரு குறிப்பிட்ட திட்டத்துக்கு. புதியவர்களுக்குக் கைகொடுத்துத் தூக்கிவிடுபவர்களுக்கு பேரி காஸ்கின்ஸ் பெயரில் ஒன்று உண்டு. 35 வயதுக்குட்பட்ட 35 பேரையும் பட்டியலிடுகிறார்கள். முன்மேசை சொல்லும் நான்கு தலைப்புகள் கோல்டு மெடாலியனிலும் இருப்பவைதான். மக்கள் தொடர்புத் துறையே அந்த நான்கு படிகளில்தான் யோசிக்கப் பழகியிருக்கிறது.

அக்கா, இனி உங்களுக்கு. நீங்கள் எழுதிய இரண்டாம் நாளை நான் நடுவராகப் படித்தேன். நான்கு தலைப்பும் அதில் இருக்கிறது. பிள்ளைகளைக் கூட்டிப்போக வாசலில் யார் நிற்கிறார்கள் என்று ஒரு வருடத்துக்கு முன்பே அவர் பார்த்திருக்கிறாரே, அதற்குப் பெயர்தான் ஆய்வு. போன் எண் பதிவானவர் ஒருவர், வாசலில் நிற்பவர் வேறொருவர் என்று கண்டுபிடித்திருக்கிறார். பெரிய அலுவலகங்கள் பணம் கொடுத்து நடத்தும் கருத்துக்கணிப்பில்கூட இது தவறிப்போகும். சர்ச்சிடம் முன்கூட்டியே பேசி வைத்தது திட்டம். தாளை மேசை இழுப்பறையில் வைத்தது செயலாக்கம். அவருடைய அலுவலகக் கணினியில் இருந்திருந்தால் அன்று யாருக்கும் பயன்பட்டிருக்காது. மதிப்பீடு மட்டும்தான் பாக்கி.

நடுவர் மேசையில் நான் அதிகம் பார்த்த குறை இது. மூன்று பக்கம் முழுக்க என்னென்ன செய்தோம் என்ற பட்டியல் இருக்கும், ஏன் செய்தோம் என்பது ஒரு வரிகூட இருக்காது. ‘விழிப்புணர்வை உயர்த்துவது’ என்று குறிக்கோள் எழுதுவார்கள். யாருடைய விழிப்புணர்வு, எதைப் பற்றி, அதனால் அவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று இருக்காது. உங்களிடம் அந்த ‘ஏன்’ இருக்கிறது. அதிலிருந்து தொடங்குங்கள்.

கல்லணைக்காரன் (கலிஃபோர்னியா)

முன்மேசை அவர்கள் சொல்லும் அலுவலர் நல்லவர் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் இந்த விருதுகளை நான் வேறு பக்கத்திலிருந்து பார்த்தவன். அதையும் சொல்ல வேண்டும்.

என் மகன் நடுநிலைப் பள்ளியில் இருந்தபோது ஒரு நாள் கழிப்பறைச் சுவரில் மிரட்டல் எழுதியிருந்தார்கள். காலை 11 மணிக்குள் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் தெரியும். ஒருவன் படம் எடுத்து அனுப்ப, அது சுற்றிக்கொண்டிருந்தது. எங்களுக்கு டிஸ்ட்ரிக்டிடமிருந்து செய்தி வந்தது மாலை 4.45க்கு. ‘மாணவர் பாதுகாப்பே எங்கள் முதல் கடமை’ என்று தொடங்கி, ‘தகுந்த நடவடிக்கைகள் எடுக்கப்பட்டன’ என்று முடிந்தது. நான்கு பத்தி. என்ன நடந்தது என்று ஒரு சொல் இல்லை. மொழி அவ்வளவு வழவழப்பாக இருந்தது. எழுதியவர் கைதேர்ந்தவர் என்று பார்த்ததுமே தெரிந்தது. என் மனைவி அதைப் படித்துவிட்டு அழுதாள். நடந்ததை மகன் சொல்லி, அதற்குப் பிறகு இந்தக் கடிதத்தைப் படித்தால், எங்களிடம் சொல்லத் தேவையில்லை என்று யாரோ முடிவு செய்தது போல இருந்தது.

அந்த அலுவலகத்துக்கு அதற்கடுத்த வருடம் ஒரு வீடியோவுக்காக விருது கிடைத்தது. நல்ல வீடியோதான், குறை சொல்லவில்லை. ஆனால் விருது கொடுப்பவர்கள் எங்களைப் போன்ற ஒரு பெற்றோரிடமாவது கேட்டார்களா? விண்ணப்பத்தை எழுதுவது எழுதத் தெரிந்தவர்கள். மதிப்பிடுவது அதே தொழிலில் இருப்பவர்கள். நடுவில் நாங்கள் எங்கே?

முன்மேசை

கல்லணைக்காரன் சார், நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். உங்கள் வீட்டம்மாவின் கோபம் நியாயமானது. நான் அவரைப் பரிந்துரைப்பதற்குக் காரணமும் அதுவேதான், மறுபக்கத்திலிருந்து. எங்களுக்கு 4.45 செய்தி வந்ததில்லை. தெரிந்தது இவ்வளவு, தெரியாதது இவ்வளவு, அடுத்த செய்தி இத்தனை மணிக்கு என்று முதல் இருபது நிமிடத்துக்குள் வந்துவிடும். ஒரு தடவை தவறான பள்ளியின் பெயர் போய்விட்டது. ஐந்து நிமிடத்தில், ‘முந்தைய செய்தியில் பள்ளியின் பெயரைத் தவறாக எழுதிவிட்டேன், மன்னிக்கவும்’ என்று அவரே திருத்தி அனுப்பினார். ‘எழுதிவிட்டேன்’ என்று.

அறிக்கைப்பலகை

கல்லணைக்காரன் கேட்டதற்கு உள்ளிருந்து ஒரு பதில் சொல்ல வேண்டும்.

அந்த 4.45 கடிதம் எப்படி உருவாகியிருக்கும் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. மாணவர் பற்றிய பதிவுகளை வெளியிடக் கூடாது என்று 1974ஆம் ஆண்டின் ஃபெர்பா சட்டம் சொல்கிறது. எழுதியவன் யார், என்ன தண்டனை என்றெல்லாம் சொல்ல முடியாது. அது சரி. ஆனால் ‘காலை 10 மணிக்குக் கழிப்பறைச் சுவரில் ஒரு மிரட்டல் எழுதப்பட்டிருந்தது, போலீஸ் வந்து பார்த்தது’ என்று சொல்வதை அந்தச் சட்டம் தடுக்கவில்லை. பயத்தில் சட்டத்தை அது உண்மையில் இருப்பதைவிடப் பெரிதாக்கிக்கொள்கிறார்கள். வரைவு வழக்கறிஞரிடம் போகும், சூப்பரிண்டெண்டெண்டிடம் போகும், இன்னொருவரிடம் போகும். ஒவ்வொருவரும் ஒரு வரியை எடுத்துவிடுவார்கள். கடைசியில் மிஞ்சுவது நீங்கள் படித்த நான்கு பத்தி.

அதனால் என்னைக் கேட்டால், தகவல் தொடர்பு அலுவலரின் திறமை அழகாக எழுதுவதில் பாதிகூட இல்லை. முடிவெடுக்கும் அறையில் உட்கார்ந்து, ‘இந்த வரியை எடுத்தால் பெற்றோர் நம்மை நம்ப மாட்டார்கள்’ என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு அதில் நிற்கவும் வேண்டும். அறைக்குள்ளேயே அழைக்கப்படாதவர்கள் எங்களில் நிறையப் பேர். முடிவான பிறகு, ‘இதைக் கொஞ்சம் நல்லா எழுதிக் குடுங்க’ என்று கையில் கொடுப்பார்கள். விருதுப் படிவத்தில் எனக்கு ஒரு கேள்வி சேர்க்க அனுமதி கிடைத்தால், எந்த வாக்கியத்தை நீக்கவிடாமல் காப்பாற்றினீர்கள் என்று கேட்பேன்.

நடுவர்களில் பெற்றோர் வேண்டும் என்பதை முழுமையாக ஏற்கிறேன். நான் உட்கார்ந்த இரண்டு முறையும் ஒரு பெற்றோர்கூட இல்லை.

பனிக்கால பஸ் (ஸ்காபரோ)

எல்லாருக்கும் வணக்கம். கனடாப் பக்கத்துக் கதையையும் சொல்ல விரும்புகிறேன். இங்கே இதே துறையினருக்கு சி.ஏ.சி.ஈ. என்ற சங்கம் உண்டு, அவர்களும் ‘பிராவோ’ என்று ஆண்டுதோறும் விருது கொடுக்கிறார்கள்.

ரொறன்ரோவில் தமிழ்ப் பெற்றோர் தொகை அதிகம். மாவட்டக் கல்விச் சபையே பல அறிவித்தல்களைத் தமிழில் தருகிறது. அந்த வகையில் நாங்கள் கொடுத்துவைத்தவர்கள். ஆனால் மொழிபெயர்த்தால் மட்டும் போதாது என்று எனக்கு விளங்கியது பனி நாட்களில்தான். இங்கே கடும் பனி கொட்டினால் பெரும்பாலும் பாடசாலை பஸ்கள்தான் ஓடாது, பாடசாலை திறந்திருக்கும். ‘பஸ் ரத்து, பாடசாலை உண்டு’ என்பது ஒரே செய்தியில் வரும். என்னுடைய அம்மம்மா முதல் பாதியைக் கேட்டுவிட்டு, பிள்ளைகளின் சப்பாத்தைக் கழற்றிவிடுவா. ஊரில் பஸ் ஓடாத நாளென்றால் பள்ளிக்கூடமும் இல்லைத்தானே. தமிழில் சரியாகத்தான் எழுதியிருந்தார்கள், ஒழுங்குதான் பிழை. ஒருமுறை எங்கள் பாடசாலை அலுவலகத்தில் இருந்த ஒருவர் அதை மாற்றி, ‘இன்று பாடசாலை உண்டு’ என்பதை முதல் வரியாக வைத்தார். அன்றிலிருந்து வீட்டில் குழப்பம் இல்லை. அவர் யாரென்றுகூட எனக்குத் தெரியாது. விருது அப்படிப்பட்ட ஆளுக்குப் போக வேண்டும்.

இன்னொன்று. 2024 டிசம்பரில் பவர்ஸ்கூல் என்ற மென்பொருளிலிருந்து தரவு திருடப்பட்டது நினைவிருக்கும். வட அமெரிக்கா முழுக்க எத்தனையோ கல்விச் சபைகளின் மாணவர் விபரங்கள் போயின, பல வருடங்களுக்கு முன் படித்து முடித்தவர்களின் விபரங்கள் உட்பட. எனக்குப் பழைய மாணவனாகவும் கடிதம், தகப்பனாகவும் கடிதம். இரண்டு வேறு இடங்களிலிருந்து வந்தவை. ஒன்றில் எந்த விபரம் போனது, எது போகவில்லை, நான் என்ன செய்ய வேண்டும் என்று மூன்று தலைப்பில் இருந்தது. மற்றதை நான் மூன்று தரம் வாசித்தும் என்னுடைய விபரம் போனதா இல்லையா என்று விளங்கவில்லை. ஒரே திருட்டு, ஒரே கிழமை. இந்த வேலையை நன்றாகச் செய்வதற்கும் சும்மா செய்வதற்கும் உள்ள தூரத்தை அன்றைக்குத்தான் கண்டேன்.

வைகைமீன் (டெக்சஸ்)

பாண்ட் தேர்தலை மறந்துவிடாதீர்கள் முன்மேசை. நானும் டெக்சஸ்தான். 2019இல் வந்த சட்டப்படி இங்கே பள்ளி பாண்ட் ஓட்டுச்சீட்டில் ‘இது ஒரு சொத்து வரி உயர்வு’ என்று பெரிய எழுத்தில் போட்டே ஆக வேண்டும், வரி விகிதம் கூடாவிட்டாலும். அதே நேரம் டிஸ்ட்ரிக்ட் தன் பணத்தில் ‘ஆம் என்று ஓட்டுப் போடுங்கள்’ எனப் பிரசாரம் செய்யக் கூடாது, தகவல்தான் கொடுக்கலாம். இந்த இரண்டுக்கும் நடுவில் நின்று மக்களுக்குப் புரியவைக்க வேண்டியவர் உங்கள் அலுவலர். எங்கள் ஊரில் இதைச் செய்தவர் ஒரு கூட்டத்தில், ‘நீங்கள் எதற்கு ஓட்டுப் போடுவீர்கள்?’ என்று கேட்டவரிடம், ‘அதைச் சொல்லும் உரிமை இந்த நாற்காலியில் எனக்கு இல்லை, கணக்கைச் சொல்கிறேன்’ என்றார். எதிர்த்து ஓட்டுப் போட வந்தவர்களும் அவரிடம் மரியாதையாகப் பேசிவிட்டுப் போனார்கள்.

எண்ணும்எழுத்தும் (நியூ ஜெர்சி)

மதிப்பீடு பாக்கி என்று அறிக்கைப்பலகை சொன்னார். என் வேலையே தரவுதான், அதனால் அந்தப் பகுதிக்கு நான் உதவுகிறேன்.

படிவம் கேட்பது ‘எத்தனை பேர் பார்த்தார்கள்’ என்று. அந்த எண்ணைத் தேடாதீர்கள். பேஸ்புக்கில் 5,000 பேர் பார்த்தார்கள் என்றால் அதில் பாதிப் பேர் வேறு மாநிலத்து உறவினராக இருக்கலாம். தேட வேண்டியது நேர்மாறானதை. யாருக்குப் போய்ச் சேரவில்லை? செய்தி அனுப்பும் மென்பொருள் எதுவானாலும், சேராத எண்களின் பட்டியல் ஒன்று உள்ளே இருக்கும். எண் மாறியவர்கள், ‘வேண்டாம்’ என்று நிறுத்தியவர்கள், தரைவழி போன் மட்டும் வைத்திருப்பவர்கள். நெருக்கடி நேரத்தில் பள்ளிகள் முன் அனுமதி இல்லாமலே தானியங்கி அழைப்பும் குறுஞ்செய்தியும் அனுப்பலாம் என்று மத்தியத் தொலைத்தொடர்பு ஆணையம் 2016இலேயே தெளிவுபடுத்திவிட்டது. அப்படியிருந்தும் எண்ணே தவறு என்றால் என்ன செய்வது? உங்கள் அலுவலர் அந்தப் பட்டியலை யாரிடமாவது கொடுத்துச் சரிசெய்யச் சொன்னாரா? சொல்லியிருந்தால் அது பல வீடியோக்களுக்குச் சமம்.

இரண்டாவது, உங்கள் மேசை. பெற்றோருக்குச் செய்தி புரியவில்லை என்றால் பள்ளிக்குத்தான் போன் செய்வார்கள். அந்த அக்டோபர் நாளில் உங்களுக்கு எத்தனை அழைப்பு வந்தது? அதற்கு முன்னால் இதுபோல நடந்த நாளில் எத்தனை? நீங்கள் நோட்டில் எழுதிவைக்கும் வழக்கம் உண்டா?

முன்மேசை

கடவுளே, நோட்டு இருக்கிறது! அதை நான் யோசிக்கவே இல்லை. ஃப்ரண்ட் ஆபீஸ் அழைப்புகளைப் பச்சை அட்டை நோட்டில் எழுதிவைப்பது என் பழக்கம். இன்று மதியம் எடுத்துப் பார்த்தேன். அந்தத் தாள் வருவதற்கு முந்தைய வருடம் இதேபோல ஒரு மணி நேரம் கதவு பூட்டிய நாளுக்கு இரண்டு பக்கம் நிறைய எழுதியிருக்கிறேன். என் கையெழுத்தே கோணலாக இருக்கிறது, அவ்வளவு வேகம். அக்டோபர் நாளுக்கு ஆறு வரி. அதில் ஒன்று வேறு விஷயமாக, காணாமல் போன ஜாக்கெட் பற்றி.

சேராத எண்கள் பற்றிக் கேட்டீர்கள். ஒவ்வொரு ஆகஸ்டிலும் அவர் ஒவ்வொரு பள்ளி மேசைக்கும் அந்தப் பட்டியலை அனுப்புவார். ‘முதல் வாரம் பிள்ளையைக் கொண்டுவந்து விடும்போது நேரில் கேளுங்கள்’ என்று மேலே எழுதியிருக்கும். தொல்லை பிடித்த வேலை என்று முதல் வருடம் முணுமுணுத்தது எனக்கு நினைவிருக்கிறது. அதுவும் ஒரு தகுதி என்று இப்போதுதான் தெரிகிறது.

கல்லணைக்காரன்

ஆறு வரி. இதை நடுவர்கள் கண்ணில் படுகிற மாதிரி எழுதுங்கள் அம்மா. முடிந்தால் அந்த இரண்டு பக்கங்களையும் ஆறு வரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படமெடுத்து இணையுங்கள், பெயர்களையும் போன் எண்களையும் மறைத்துவிட்டு. என் வாதத்தை நான் விடவில்லை, நடுவர் குழுவில் பெற்றோர் வேண்டும். ஆனால் பரிந்துரை ஒரு ஃப்ரண்ட் ஆபீஸ் மேசையிலிருந்து வருவது எனக்கு நிறைவாக இருக்கிறது.

புதுவரவு22

ஒரு கேள்வி. ஆறு மொழித் தாள் என்கிறீர்களே, அது அவருடைய நல்ல மனதா, இல்லை சட்டப்படி செய்தே ஆக வேண்டியதா? என் மாமியாருக்கு ஆங்கிலம் வராது, அதனால் கேட்கிறேன். பள்ளியில் என் எட்டு வயதுப் பையனையே மொழிபெயர்க்கச் சொல்கிறார்கள்.

அறிக்கைப்பலகை

சட்டம் இருக்கிறது. 1964 குடிமை உரிமைகள் சட்டத்தின் ஆறாம் பிரிவும், சான் பிரான்சிஸ்கோ சீன மாணவர்கள் வழக்கில் 1974இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த லாவ் தீர்ப்பும் இதற்கு அடிப்படை. ஆங்கிலம் தெரியாத பெற்றோருக்கு முக்கியமான தகவலைப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும், பிள்ளைகளையோ அண்ணன் அக்காவையோ மொழிபெயர்ப்பாளராக நம்பியிருக்கக் கூடாது என்று 2015 ஜனவரியில் மத்திய அரசின் நீதித்துறையும் கல்வித்துறையும் சேர்ந்து ஒரு வழிகாட்டுக் கடிதமே அனுப்பின. அந்தக் கடிதத்தை 2025இல் திரும்பப் பெற்றுவிட்டார்கள். ஆனால் சட்டமும் தீர்ப்பும் அப்படியே இருக்கின்றன. பையனை மொழிபெயர்க்கச் சொன்னால், ‘மொழிபெயர்ப்பாளர் வேண்டும்’ என்று எழுத்தில் கேளுங்கள். மரியாதையாக, ஒரே வரியில். பல இடங்களில் போன் வழியாகவே ஏற்பாடு செய்வார்கள், தமிழுக்கும் ஆள் கிடைப்பார்கள்.

ஆனால் நோட்டீஸை மொழிபெயர்க்க வேண்டும் என்று சட்டம் சொல்லலாம். ஊரிலிருந்து வந்த பாட்டி வாசலில் நிற்பார், அவருக்கு உட்கார ஓர் இடம் வேண்டும், சர்ச்சிடம் பேசி வைப்போம் என்று எந்தச் சட்டத்திலும் எழுதியிருக்காது.

அப்புறம் ‘செக்யூர்’ என்ற சொல்லைப் பற்றி. பல டிஸ்ட்ரிக்டுகள் பயன்படுத்தும் அந்த நெறிமுறையை உருவாக்கியது, 2006இல் கொலராடோவில் ஒரு பள்ளியில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் மகளை இழந்த பெற்றோர் தொடங்கிய அறக்கட்டளை. முன்பு அதில் ‘லாக்அவுட்’ என்று இருந்தது. கேட்பவர்கள் அதை ‘லாக்டவுன்’ என்று குழப்பிக்கொண்டதால் 2021 பதிப்பில் ‘செக்யூர்’ என்று மாற்றினார்கள். உங்கள் தமிழ்த் தாளில் அந்தச் சொல்லே இல்லை என்பதைக் கவனித்தேன். ‘பிரச்சினை பள்ளிக்கு வெளியே’ என்று இருக்கிறது. இதை நீங்கள் மொழிபெயர்த்தீர்களா, அவர் சொன்னாரா?

முன்மேசை

அவர்தான் சொன்னார். நான் முதலில் ‘பாதுகாப்பு நிலை’ என்று எழுதியிருந்தேன். அதை எனக்கு ஆங்கிலத்தில் திருப்பிச் சொல் என்றார். சொன்னேன். ‘உன் அம்மா வாசலில் நின்றால் இதைப் படித்து என்ன செய்வார்?’ என்று கேட்டார். யோசித்தேன். அம்மா பயந்துபோய்க் கதவைத் தட்டுவாள். தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எழுதினேன். அவருக்குத் தமிழில் ஓர் எழுத்துத் தெரியாது.

படிவத்தை நேற்று இரவு எழுதி முடித்தேன். ‘ஆய்வு’ என்ற தலைப்பின் கீழே எழுதியதை மட்டும் இங்கே ஒட்டுகிறேன், பிழை இருந்தால் சொல்லுங்கள்:

‘எங்கள் தொடர்புப் பட்டியலில் இருக்கும் பெயரும் பள்ளி வாசலில் நிற்கும் முகமும் வேறு வேறு என்பதை இவர் கவனித்தார். மூன்று வாரம், பள்ளி விடும் நேரத்தில், ஒவ்வொரு பள்ளியின் வாசலிலும் ஒரு நாள் நின்று, பிள்ளைகளைக் கூட்டிப்போக வருபவர்கள் யார், என்ன மொழி பேசுகிறார்கள் என்று எழுதிக்கொண்டார். பிறகு அந்த மொழிகள் தெரிந்த ஊழியர்களைத் தேடி ஒவ்வொரு மேசைக்கும் வந்தார்.’

அறிக்கைப்பலகை

ஒரு சொல்கூட மாற்ற வேண்டாம். நான் நடுவராக இருந்தால் இதற்கு மேல் படிக்காமலே மதிப்பெண் போட்டிருப்பேன். அனுப்புவதற்கு முன் அவரிடம் சொல்லிவிடுங்கள். பரிந்துரைக்கப்படுபவரின் சம்மதக் கையெழுத்து சில படிவங்களில் தேவைப்படும், கடைசிப் பக்கத்தைப் பாருங்கள்.

பனிக்கால பஸ்

முடிவு எதுவானாலும் இங்கே வந்து சொல்லுங்கள் அக்கா. அந்தத் தமிழ்த் தாளின் ஒரு பிரதியையும் போட முடியுமென்றால் போடுங்கள். எங்கள் பாடசாலை அதிபரிடம் காட்ட வேண்டும்.

முன்மேசை

தாள் இணைத்திருக்கிறேன், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். சர்ச் என்று இருக்கும் இடத்தில் உங்கள் பள்ளிக்கு எதிரே என்ன இருக்கிறதோ அதைப் போட்டுக்கொள்ளுங்கள். முதலில் அங்கே போய்ப் பேசிவிடுங்கள்.

அறிக்கைப்பலகை சொன்னது சரி, கடைசிப் பக்கத்தில் கையெழுத்து கேட்டிருந்தார்கள். இன்று காலை அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். நின்றுகொண்டே முழுவதையும் படித்தார். புயல் பகுதியில் ஒன்றும் சொல்லவில்லை. தாள் பகுதியில் என் பெயரையும் தெலுங்குப் பெண்ணின் பெயரையும் சேர்க்கச் சொன்னார். மூன்றாவது நிகழ்ச்சிக்கு வந்ததும் உட்கார்ந்துவிட்டார்.

நீங்கள் எல்லாரும் அதைத்தான் மிக வலுவான பகுதி என்று சொன்னீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அவர் கேட்டது ஒன்றுதான்: ‘அந்தக் குடும்பத்திடம் கேட்டாயா?’ கேட்கவில்லை. பெயர் போடவில்லையே என்றேன். ‘நம் ஊரில் இதைப் படிக்கும் எல்லாருக்கும் அது யார் என்று தெரியும்’ என்றார். அப்புறம் பேனாவை எடுத்து, அந்தப் பத்தி முழுவதையும் மெதுவாக, ஒரே கோடாக அடித்துவிட்டுக் கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

படிவத்தில் அதை நீக்கிவிட்டேன். அந்த இடத்தில் ஆகஸ்ட் பட்டியலைச் சேர்த்து மதியம் அனுப்பியாயிற்று. நெறியாளர் அவர்களே, என் முதல் பதிவிலும் அந்தப் பத்தியை எடுத்துவிடுங்கள். அதை மேற்கோள் காட்டியவர்களின் பதிவுகளிலும்.

நெறியாளர்

எடுத்துவிட்டோம்.